ரப்பர் ஏன் கெட்டது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: "ரப்பர் போய்விட்டது, இதே அளவில் இன்னொன்று கொடுங்கள்." கையில் ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) இருக்கும், அல்லது ஃபுட் வால்வின் வாஷர், அல்லது வீட்டுக் குக்கரின் கேஸ்கட். கேட்டபடியே அதே ரப்பரில் ஒன்றைக் கொடுத்தால், பழையது எத்தனை மாதம் உழைத்ததோ அத்தனை மாதத்தில் புதியதும் போகும். கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகங்களுக்கு ரப்பர் வார்க்கும் தொழிலில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். பழைய துண்டைக் குப்பையில் போடும் முன் அதைப் படித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். பிசுபிசுத்துப் போன ரப்பரும் கல்லாய் இறுகிப் போன ரப்பரும் ஒரே மூப்பின் இரண்டு தோற்றங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வேதியியலில் அவை நேர் எதிரான நிகழ்வுகள், மருந்தும் வேறு.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் மரப்பட்டையைக் கீறிச் சிரட்டையில் பிடிக்கிறார்களே, அந்த ரப்பர் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர், ஐசோப்ரீன் என்ற சின்ன மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. 5 கார்பன், 8 ஹைட்ரஜன் என்ற அதன் கணக்கை 1826இலேயே மைக்கேல் ஃபாரடே கண்டுவிட்டார். அது சங்கிலி என்பது மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது. 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் அதைச் சொன்னபோது வேதியியலாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வோர் ஐசோப்ரீன் அலகுக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு மிஞ்சியிருக்கிறது. அதன் இருபுறமும் சங்கிலி ஒரே பக்கமாக மடங்கினால் ரப்பர். எதிரெதிர்ப் பக்கமாகப் போனால் கட்டாபெர்ச்சா. அணுக்களின் கணக்கு இரண்டிலும் ஒன்றே. ஆனால் கட்டாபெர்ச்சாவின் சங்கிலிகள் நேராக அடுக்கிப் படிந்து, சாதாரண வெப்பத்திலேயே கெட்டியாகிவிடுகின்றன. ரப்பரின் சங்கிலிகள் அடுக்க முடியாமல் சிக்குப் பிடித்த நூற்கண்டாகச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நீள்கின்றன, விட்டால் மறுபடியும் சுருள்கின்றன.

சுருள்வது மட்டும் போதாது. ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் போகாமல் கட்டியும் வைக்க வேண்டும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கிக் கண்டுபிடித்தது அதைத்தான். 100 பங்கு ரப்பருக்கு 2 அல்லது 3 பங்கு கந்தகம் போதும். சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே பாலம் விழுந்துவிடும். 30 பங்குக்கு மேல் போட்டால் எபோனைட், அதாவது பேனா செய்யும் கருங்கட்டை.

இனி வரும் கோளாறுகள் எல்லாம் மூன்றே கேள்விகளுக்குள் அடங்கும். சங்கிலி அறுந்ததா? பாலம் கூடியதா, குறைந்ததா? இடையில் வேறு ஏதாவது புகுந்ததா, அல்லது இருந்தது வெளியேறியதா?

துண்டைக் கையில் எடுத்ததும்

கழுவாதீர்கள். மேலே படிந்திருப்பதே பாதிச் சாட்சி. முகர்ந்து பாருங்கள், எண்ணெய், பெட்ரோல், கருகல் ஒவ்வொன்றுக்கும் தனி வாடை உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். வெர்னியரால் அளந்து, புதிய துண்டின் அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு பிளேடால் குறுக்கே வெட்டி, மேற்பரப்பும் நடுப்பகுதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டின் எந்தப் பக்கம் காற்றில் இருந்தது, எந்தப் பக்கம் உலோகத்தைத் தொட்டது, எந்தப் பக்கம் திரவத்தில் நனைந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்துவைப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

எந்த ரப்பர் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கார்பன் கருமை என்ற நுண்ணிய கரித்தூள் கலந்தால் எல்லாம் கறுப்புதான். ஓரளவுக்கு நெருப்பு சொல்லும். ஆனால் முதலில் கையில் எடைபோட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிட மிகக் கனமாக இருந்தால் அது விட்டான் போன்ற ஃபுளோரின் ரப்பராக இருக்கக்கூடும். அதை எரிக்கவே கூடாது. வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். மற்றவற்றில் கடுகளவு துண்டை இடுக்கியில் பிடித்து, வெளியில் காற்றோட்டத்தில் நின்று கொளுத்துங்கள். வெள்ளைச் சாம்பல் விட்டால் சிலிக்கோன். மெழுகுவர்த்தி அணைந்த வாடை வந்தால் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். நெருப்பை எடுத்தவுடன் தானே அணைந்து, காரமான நெடி அடித்தால் நியோப்ரீன். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை அதில் தொட்டுச் சுடரில் காட்டினால் சுடர் பச்சையாகும், அதில் குளோரின் இருப்பதால். டயர் எரியும் வாடையும் கருங்கரியும் வந்தால் இயற்கை ரப்பரோ, டயரில் சேரும் செயற்கை ரப்பரான எஸ்பிஆரோ. அந்த இரண்டையும் நெருப்பால் பிரித்தறிய என்னால் முடிந்ததில்லை.

அறிகுறி: பிசுபிசுப்பு

மேசை இழுப்பறையில் கிடந்த ரப்பர் பேண்ட் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் மாவுபோலப் பிய்யும். இது சங்கிலி அறுந்த கதை. காற்றின் ஆக்சிஜன் இயற்கை ரப்பரைத் தாக்கும்போது சங்கிலிகள் துண்டுதுண்டாகின்றன. நீளம் போனால் பசைத்தன்மைதான் மிச்சம். டியூப் செய்யும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரும் இப்படியே இளகும். வெப்பம் கூடக்கூட வேகமும் கூடும். ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளலாம். தகரக் கூரைக்கு அடியில் ஸ்டாக் வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வெட்டிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் இளகி, உள்ளே நல்ல ரப்பர் இருந்தால் காற்றும் வெப்பமும் செய்த வேலை. உலோகத்தைத் தொட்ட பக்கம் மட்டும் இளகியிருந்தால் அந்த உலோகம் செம்பா என்று பாருங்கள். செம்பும் மாங்கனீசும் இயற்கை ரப்பருக்கு நஞ்சு. ஆக்சிஜன் தாக்குவதை அவை பலமடங்கு துரிதப்படுத்தும். ஒரு முறை செம்புக் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்த பட்டைகள் வரிசையாகக் கெட்டு வந்தன. வெளிப்பக்கம் புதிதுபோல இருந்தது, உட்பக்கம் பச்சை படர்ந்து கூழாகியிருந்தது. கலவையைக் குறைசொல்லி இரண்டு முறை மாற்றினோம்; பிறகுதான் குழாயைப் பார்த்தோம். ஈபிடிஎம்முக்கு மாற்றியதும் அந்தப் புகார் நின்றது. அந்தக் காலத்து ரப்பர் உறைபோட்ட மின்கம்பிகளில் செம்புக்கு வெள்ளீயம் பூசி வைத்திருந்ததற்கும் இதே பகைதான் காரணம். ரப்பரின் கந்தகம் செம்பை அரிக்கும், செம்பு ரப்பரை அரிக்கும்.

மேலும் கீழும் நடுவும் ஒரே அளவில் மெத்தென்றிருந்தால் குற்றம் அச்சிலேயே நடந்திருக்கிறது. கந்தகத்தோடு அச்சில் சூடாக்குவதைத்தான் வேகவைப்பது என்கிறோம்; அது போதவில்லை, அல்லது அதிகமாகிவிட்டது. இயற்கை ரப்பரைத் தேவைக்கு மேல் பிரஸ்ஸில் வைத்தால் கந்தகப் பாலங்கள் திரும்ப அறுபடத் தொடங்கும். கனமான துண்டுகளில், 150 டிகிரிக்கு மேல் போகும்போது இது அடிக்கடி நடக்கும். உற்பத்தியைக் கூட்டுவதற்காக வெப்பத்தை ஏற்றி நேரத்தைக் குறைப்பவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கந்தகத்தைக் குறைத்து, வேகவைப்பதைத் துரிதப்படுத்தும் முடுக்கியைக் கூட்டி, குட்டையான பாலங்கள் விழும்படி கலவையை மாற்றுவதே சரியான வழி.

பிசுபிசுத்த ரப்பரைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. பவுடர் பூசினால் கையில் ஒட்டாது, அவ்வளவுதான். அறுந்த சங்கிலி அறுந்ததுதான். குட்இயரே கந்தக முறைக்கு முன்பு, 1830களில், அஞ்சல் துறைக்குச் செய்த பைகள் கோடையில் இளகி நாசமானதைப் பார்த்து நின்றவர்.

இந்த அறிகுறிக்குள் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய டார்ச், கேமரா, மவுஸ் ஆகியவற்றின் பிடி பிசுபிசுப்பது பெரும்பாலும் ரப்பரே அல்ல. பிளாஸ்டிக்கின் மேல் பூசிய பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தால் சிதைவது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் அந்தப் பூச்சு வந்துவிடும். கீழேயுள்ள பிளாஸ்டிக்கோடு பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

அறிகுறி: இறுகிக் கட்டையாதல்

எஸ்பிஆர், நைட்ரைல் (எண்ணெய் படும் இடத்துக்கான செயற்கை ரப்பர்), நியோப்ரீன் ஆகியவற்றையும் ஆக்சிஜன் தாக்குகிறது. ஆனால் அங்கே அறுவதைவிடப் புதிய பாலங்கள் விழுவதே அதிகம். சங்கிலிகள் அசைய முடியாமல் கட்டப்பட்டு, ரப்பர் கட்டையாகிறது. மடித்தால் மேலே சலசலவென்று சின்னச்சின்ன வெடிப்பு ஓடும். நைட்ரைலைத் தொடர்ந்து 100 டிகிரிக்கு மேல் வைத்தால் இது தப்பாது.

இங்கே வெர்னியர் முக்கியம். இறுகியிருக்கிறது, ஆனால் அளவு மாறவில்லை என்றால் வெப்பம். இறுகியதோடு சுருங்கியும் இருந்தால், கலவையில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் வெளியேறிவிட்டது. பெட்ரோலிலோ டீசலிலோ ஊறிப் பிறகு காய்ந்த குழாய்களில் இதைப் பார்க்கலாம். ஊறும்போது எரிபொருள் உள்ளே போய் அந்த எண்ணெயைக் கரைத்து எடுக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் எரிபொருள் ஆவியாகி, குழாய் ஒல்லியாகி, முனையில் கசிகிறது. "நிறுத்தி வைத்ததால் போய்விட்டது" என்று மெக்கானிக் சொல்வதில் உண்மை இருக்கிறது.

குக்கர் கேஸ்கட் இந்த இனத்தில் எல்லோருக்கும் தெரிந்த நோயாளி. உள்ளே 120 டிகிரி நீராவி, அதோடு தாளிப்பின் எண்ணெய், நாள்தோறும் இரண்டு வேளை. ஆவி பிடிக்காமல் போனதும் அதை ஃபிரீசரில் 10 நிமிடம் வைத்து மாட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது மூடநம்பிக்கை இல்லை. எண்ணெய் ஏறி, தொய்ந்து, சற்றே பெரிதாகிவிட்ட வளையம் குளிரில் சுருங்குகிறது. இழுபடாத ரப்பர், உலோகத்தைவிடப் பலமடங்கு அதிகமாகச் சுருங்கி விரியும். 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்கு, அறை வெப்பத்திலிருந்து ஃபிரீசர் குளிர்வரை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறையும் என்பது என் கணக்கு. மூடி சரியாக உட்காருவதற்கு அது போதும். உட்கார்ந்தபின் உள்ளே ஏறும் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். ஆனால் தொய்வுக்குத்தான் இந்த உபாயம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிவிட்ட கேஸ்கட்டை ஃபிரீசரில் வைத்துப் பயனில்லை, தூக்கிப்போடுங்கள். ஆவி ஓரத்தில் பீறிட்டு முகத்தில் அடித்தால் யாரும் தாங்க முடியாது.

அறிகுறி: வெடிப்பு

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். வெடிப்பின் திசையைப் பாருங்கள். அது எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வளைவின் வெளிப்புறத்தில் மட்டும், இழுவைக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாக ஓடினால் ஓசோன். காற்றில் பத்துக்கோடியில் சில பங்கு மட்டுமே இருக்கும் ஓசோன், சங்கிலியின் இரட்டைப் பிணைப்பில் நேராகப் பாய்ந்து அதை வெட்டுகிறது. ரப்பர் இழுபடாமல் இருந்தால் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. தாக்கப்பட்ட தோலே உள்ளிருப்பதை மூடிக் காக்கிறது. சிறிதளவு இழுவை இருந்தாலும் வெட்டுண்ட இடம் வாய்பிளந்து, புதிய ரப்பர் வெளியே தெரிந்து, அதுவும் வெட்டுப்பட்டு, பிளவு ஆழமாகிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரே குழாயில் நேரான பகுதி புதிதாகவும் ஆணியில் மடித்து மாட்டிய பகுதி கிழிந்தும் இருக்கிறது.

ஒரு பட்டறையில் வெல்டிங் செய்யும் மூலையில் வளைத்துத் தொங்கவிட்ட குழாய்கள் மட்டும் ஓராண்டில் வெடித்தன. அதே லாட்டில் வந்து, அடுத்த அறையில் கிடந்தவை நன்றாக இருந்தன. விற்றவர்மீது வழக்குப் போடும் மனநிலையில் இருந்தார் முதலாளி. வெல்டிங் சுடரின் புற ஊதா ஒளி காற்றிலிருந்து ஓசோனை உண்டாக்குகிறது. கிரைண்டர், டிரில்லிங் மெஷின் மோட்டார்களின் பிரஷ் பொறியும் அப்படியே. குழாய்களை வேறு அறைக்கு மாற்றி, மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி வைத்ததோடு விஷயம் முடிந்தது.

திசையில்லாமல் நாலாபக்கமும், வற்றிய ஏரியின் தரைபோல வெடித்திருந்தால் வெயில். வெளிர் நிற ரப்பரில்தான் அதிகம் காணலாம். கறுப்பு ரப்பரில் கார்பன் கருமை ஒளியைத் தானே விழுங்கிவிடுகிறது. ஓர் இடத்தில் மட்டும், மடிந்து மடிந்து நிமிரும் கோட்டில், ஒரே ஆழமான வெடிப்பு இருந்தால் களைப்பு. அங்கே வேதியியலைவிட வடிவத்தின் தவறே பெரிது. அந்த மூலையின் வளைவை இன்னும் பெரிதாக்குங்கள்.

ஓசோனுக்கு மருந்து மூன்று. முதலாவது, கலவையில் மெழுகு. அது மெல்ல வெளியே ஊறி ஒரு படலமாக மூடும். அசையாமல் இருக்கும் பொருளுக்கு அது போதும். டயர்போல ஓயாமல் நெளிவதில் படலம் உதிர்ந்துவிடும். இரண்டாவது, தானே முன்வந்து ஓசோனுக்குப் பலியாகும் வேதிப்பொருள்கள்; டயர்களில் வழக்கமாகச் சேர்ப்பது 6பிபிடி. டயரின் பக்கவாட்டில் படரும் பழுப்பு நிறம் இதுதான். அதைப் பெட்ரோல் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். காவலை அவர்களே கழற்றி எறிகிறார்கள். இந்த 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் ஒரு பொருள், மழைநீரில் கலந்து அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் தெரியவந்தது. டயர் வெடித்தால் மனிதர் சாவார். காப்பதற்குப் போட்டது மீனைச் சாகடிக்கிறது. இதற்கு மாற்று கிடைத்தாக வேண்டும்.

மூன்றாவது மருந்து, ஓசோன் கடிக்க இடமில்லாத ரப்பருக்கே மாறுவது. ஈபிடிஎம்மில் இரட்டைப் பிணைப்பு முதுகெலும்பில் இல்லை, பக்கக் கிளையில் தொங்குகிறது. அது வெட்டுப்பட்டாலும் சங்கிலி அறாது. கார் கதவின் ஓரப்பட்டை பல ஆண்டுகள் வெயிலில் நின்றும் வெடிக்காமல் இருப்பது அதனால்தான். எண்ணெய் படாத, வெளியில் நிற்கும் எந்த வேலைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஈபிடிஎம்மைத்தான் சொல்வேன்.

அறிகுறி: ஊதிப் பெருத்தல்

"எண்ணெய் படாத" என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இயற்கை ரப்பர், எஸ்பிஆர், ஈபிடிஎம் மூன்றும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. பெட்ரோலும் என்ஜின் எண்ணெயும் அப்படியே. இனம் இனத்தோடு சேரும். எண்ணெய் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. பாலங்கள் இல்லையென்றால் ரப்பர் கரைந்தே போகும். பாலங்கள் இருப்பதால் எட்டும்வரை ஊதி நிற்கிறது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சிவப்பு ரப்பர் துண்டு ஒன்றை மூடிய சீசாவில் பெட்ரோலில் இரவு முழுக்க ஊறவைத்தால், காலையில் அது வேறொரு பொருளாக இருக்கும்.

நைட்ரைலின் சங்கிலியில் அக்ரைலோநைட்ரைல் அலகுகள் இருக்கின்றன. அவற்றின் நைட்ரஜன் முனை மின் இழுவை கொண்டது, எண்ணெயோடு ஒட்டாது. அந்த அலகு ஏறத்தாழ 18 முதல் 50 சதவீதம்வரை மாறும். கூட்டினால் எண்ணெய்க்கு நன்று, குளிருக்குக் கேடு. கடையில் "நைட்ரைல்" என்று ஒரே பெயரில் விற்பது உண்மையில் ஒரு குடும்பம்.

உயிரோடு விளையாடும் இடம் பிரேக். கார், பைக்குகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் திரவம் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, எண்ணெய் அல்ல. அதற்கேற்ப உள்ளேயுள்ள கப்புகள் (திரவம் கசியாமல் அடைக்கும் ரப்பர்க் கிண்ணங்கள்) ஈபிடிஎம், எஸ்பிஆர் அல்லது இயற்கை ரப்பரில் செய்யப்படுகின்றன. யாரோ ஒருவர் அவசரத்துக்கு பவர் ஸ்டீயரிங் எண்ணெயை அதில் ஊற்றுகிறார். அல்லது சிலிண்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, கப்புக்குக் கிரீஸ் தடவி மாட்டுகிறார். கப் ஊதுகிறது. திரவம் திரும்பிவரும் சின்னத் துளையை மூடிக்கொள்கிறது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது, சக்கரம் கொதிக்கும்.

சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள்: பிரேக் திரவ டாங்கிலிருந்து சில சொட்டுத் திரவத்தை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கிளைக்கால் வகை கலந்துவிடும். எண்ணெய் மேலே மிதந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஊதிய ஒரு கப்பை மட்டும் மாற்றுவது போதவே போதாது. எண்ணெய் தொட்ட எல்லா ரப்பரும், குழாய்கள் உட்பட, மாற வேண்டும். குழாய்த்தடம் முழுதும் புதிய பிரேக் திரவத்தால் அலசப்பட வேண்டும். செலவு அதிகம் என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் ஒருபோதும் இளகியதில்லை.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. நைட்ரைல் எல்லாவற்றையும் தாங்கும் என்று நம்பி அதைப் பிரேக் திரவத்தில் போடுகிறார்கள். அங்கே அது பொருந்தாது. எந்த ரப்பரும் எல்லாத் திரவத்துக்கும் நல்லதல்ல. சந்தேகம் இருந்தால் புதிய துண்டை அளந்து, அதே திரவத்தில் மூன்று நாள் மூழ்கவைத்து, மறுபடி அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். வீட்டிலும் இதே விதிதான்: கையில் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது லேடெக்ஸ் கையுறை அணிந்தால் அது சீக்கிரம் கிழியும்.

அறிகுறி: அமுங்கியது எழும்பவில்லை

வட்டமாக இருந்த ஓ-ரிங் கழற்றும்போது தட்டையாக இருக்கும், அறிகுறி இவ்வளவுதான். அமுங்கிய நிலையில் சூடேறும்போது பழைய கந்தகப் பாலங்கள் சில அறுந்து, அந்த அமுங்கிய வடிவத்திலேயே புதியவை விழுகின்றன. ரப்பர் தன் பழைய வடிவத்தை மறந்துவிடுகிறது. நீண்ட கந்தகப் பாலம் இப்படி எளிதில் மாறும். கந்தகத்துக்குப் பதில் பெராக்சைடு போட்டு வேகவைத்தால் கார்பனுக்குக் கார்பன் நேர்ப் பிணைப்பு விழுவதால் மறதி குறைவு. அப்படியானால் எல்லாவற்றையும் பெராக்சைடில் செய்யலாமே என்று கேட்பார்கள். நெளிந்துகொண்டே இருக்கும் பாகத்தில் நீண்ட கந்தகப் பாலமே நெடுநாள் உழைக்கும். அது விட்டுக்கொடுப்பதால் கிழிவதில்லை. அசையாத சீலுக்குப் பெராக்சைடு, ஆடும் மவுண்ட்டுக்கு (அதிர்வு தாங்கும் ரப்பர்க் கட்டை) கந்தகம் என்பது என் வழக்கம்.

வாங்கும்போது கேளுங்கள்: 25 சதவீதம் அமுக்கி, 22 மணி நேரம் சூட்டில் வைத்து எடுத்தால் எவ்வளவு மீள்கிறது? இந்தச் சோதனையின் எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் சீல் வாங்காதீர்கள்.

அறிகுறி: சுழலும் ஷாஃப்ட்டில் ஓ-ரிங் கருகுதல்

ஷாஃப்ட்டைத் தொடும் உள்விளிம்பு மட்டும் பளபளவென்று கருகியிருக்கும். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவார்கள். நோய் வேறு. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள்: சுடும். அப்படியே சிறிது நேரம் பிடித்திருந்து, தளர்த்தி வையுங்கள்: குளிரும். 1805இல் ஜான் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கிலேய அறிஞர் உதட்டால் கண்டறிந்தது இது. 1859இல் இயற்பியலாளர் ஜூல் அதை அளந்து உறுதிசெய்தார். இதன் மறுபக்கம், இழுபட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது விரியாமல் சுருங்கும்.

இப்போது ஷாஃப்ட்டைவிடச் சற்றுச் சிறிய ஓ-ரிங்கை இழுத்து மாட்டியிருக்கிறீர்கள். சுழலும்போது உராய்வில் சூடாகிறது. சூடானதும் சுருங்கி இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, இன்னும் சூடாகிறது. சில நிமிடங்களில் கருகல். தீர்வு எளிது: ஓ-ரிங்கின் உள்விட்டம் ஷாஃப்ட்டைவிட 5 சதவீதம் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வெளியிலுள்ள பள்ளம் அதை உள்நோக்கி அமுக்கிப் பிடிக்கும்படி வையுங்கள். இழுபடாத ரப்பர் சூட்டில் சுருங்காது. வேகம் அதிகமென்றால் ஓ-ரிங்கையே விட்டுவிட்டு ஆயில் சீலுக்குப் போங்கள்.

அறிகுறி: மேலே வெள்ளைப் பூத்தல்

ஹேர் டிரையரால் இலேசாகச் சூடுகாட்டுங்கள். மறைந்தால் மெழுகு, நல்லது, துடைக்காதீர்கள். மஞ்சள் சாயல் இருந்தால் கரையாமல் மிஞ்சி வெளிவந்த கந்தகம். கலவைக்காரரிடம் திருப்பி அனுப்புங்கள், ஒட்டும் வேலைக்கு அது ஆகாது. தோட்டத்து ஷீட் ரப்பரில் பூப்பது வேறு, அது பூஞ்சை. ஷீட் சரியாகக் காயாமல் அடுக்கியதன் விளைவு.

அறிகுறி: பஞ்சர் இல்லாமல் காற்று இறங்குதல்

வால்வைப் பார்த்தாயிற்று, தண்ணீரில் முக்கியும் குமிழி இல்லை என்றால் டியூப் எந்த ரப்பர் என்று பாருங்கள். காற்று ரப்பரின் ஊடாகவே ஊறி வெளியேறும். பியூட்டைல் சங்கிலியில் நெருக்கமாக முளைத்திருக்கும் மெத்தில் குழுக்கள் அந்த வழியை அடைப்பதால், இயற்கை ரப்பரைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கசியும்.

அறிகுறி: குளிரில் மட்டும் கசிவு, வெயில் வந்ததும் சரியாகிவிடுவது

இது கெடுதல் அல்ல; சங்கிலிகள் அசையும் வலிமையை இழந்து நிற்கும் தற்காலிக நிலை. இயற்கை ரப்பர் சுழியத்துக்குக் கீழே 70 டிகிரி அளவில்தான் கண்ணாடிபோல் ஆகும். ஆனால் கழித்தல் 25 டிகிரி அளவில் நாட்கணக்கில் கிடந்தாலே சங்கிலிகள் படிகமாக அடுக்கி விறைக்கும். ஃபுளோரின் ரப்பர் வெப்பத்துக்கு அரசன், குளிருக்கு ஏழை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்க வேண்டிய ஓ-ரிங்குகள் அந்த வகைதான். அன்று காலைக் குளிரில் அவை வேகமாக எழும்பி இடைவெளியை நிரப்பவில்லை. 7 பேர் இறந்தார்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் விசாரணையில் அந்த ரப்பர்த் துண்டை இடுக்கியில் அழுத்தி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது எழும்பாததைக் காட்டினார்.

நம் ஊரில் இந்தப் புகார் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்து வரும். அங்கே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வெப்பநிலை எவ்வளவு, குளிரூட்டி எது? அம்மோனியா என்றால் ஃபுளோரின் ரப்பரை நினைக்கவே வேண்டாம், நியோப்ரீனைக் கேளுங்கள். எண்ணெயும் குளிரும் சேர்ந்த இடமென்றால் அக்ரைலோநைட்ரைல் குறைந்த நைட்ரைல். திரவமே இல்லாத வெறும் குளிர்க் காற்று, கதவுப் பட்டை மட்டும் என்றால் கழித்தல் 60வரை மெத்தென்றிருக்கும் சிலிக்கோன். அது எளிதில் கிழியும்; ஆகவே தள்ளுவண்டி உரசும் கீழ்ப்பக்கப் பட்டைக்கு மட்டும் ஈபிடிஎம் போட்டுவிடுங்கள்.